கணினியை நிறுத்தும் குறுக்குவழி

கணினியைத் திறப்பதற்கு ஒரு பொத்தானை அமைத்துத் தந்தோர், அதனை மூடும் வாயிலை மட்டும் ஏனோ அடிக்கடி இடம்மாற்றி வந்துள்ளனர். 1995-இல் வெளிவந்த விண்டோஸ் 95-இல் வேலையை முடிப்பதற்கும் 'ஸ்டார்ட்' என்னும் தொடக்கப் பொத்தானையே நாடவேண்டியிருந்தது; அம்முரணைக் கண்டு நகையாதார் இலர். 2012-இல் வந்த விண்டோஸ் 8-இலோ அப்பொத்தானும் மறைந்தது. திரையின் வலப்புற மூலைக்குச் சுட்டியைக் கொண்டுசென்று, ஆங்குத் தோன்றும் பட்டையுள் அமைப்புகளைத் திறந்து, அதன்பின்னரே மின்குறியைக் காணல் கூடும். அடுத்த ஆண்டே 8.1-இல் அப்பொத்தானை மீட்டுக் கொணர்ந்தனர்.

ஆகலின், தமக்கென ஒரு குறுக்குவழி அமைத்துக்கொள்வாரை யாம் குறைகூறோம். முறையும் எளிதே. முகப்புத்திரையின் வெற்றிடத்திற் சுட்டியின் வலப்பொத்தானை அழுத்தி, 'நியூ' என்பதனுள் 'ஷார்ட்கட்' என்பதனைத் தெரிந்து, 'ஷட்டவுன்' என்னும் ஆணையை அதற்குரிய குறிகளோடு எழுதிப் பெயரிட்டால் முடிந்தது.

நிற்க. அக்குறிகளைப் பற்றியே யாம் சொல்லக் கருதியது. சாய்கோட்டையடுத்து 'எஸ்' எழுதினால் 'நிறுத்துக' என்பது பொருள். 'டி'யும் அதன்பின் வரும் எண்ணும், எத்தனை நொடி தாழ்த்து நிறுத்தவேண்டும் என்பதைக் குறிக்கும். 'எஃப்' என்பது, திறந்திருக்கும் நிரல்களை அவற்றின் விடை கேளாமலே மூடுக என்னும் வன்கட்டளை. இவ்வன்கட்டளையை எழுதாது விடுத்தால் தீங்கில்லை என்றே பலரும் எண்ணுவர். அறுபது நொடி தாழ்த்து நிறுத்துமாறு அமைப்பது பெருங்கருணை என்று கருதுவாரும் உளர். உண்மை இதற்கு நேர்மாறானது. நொடிக்கணக்கு சுழியத்தினும் மிகுமாயின், 'எஃப்' எழுதப்படாவிடினும் எழுதப்பட்டதாகவே கொள்ளப்படும். சுழியம் என்று எழுதினாலோ, சேமியாத கட்டுரை திறந்திருக்குமிடத்து அந்நிரல் நிறுத்தத்தைத் தடுத்து நின்று, 'சேமிக்கவோ?' என வினவ இடமுண்டு.

நூலகத்தை மூடவரும் காவலர் இருவரை எண்ணுக. ஒருவர், 'இன்னும் ஒரு நிமிடம்' என்று வாயிலில் நின்று கூவி, நிமிடம் கழிந்ததும் உள்ளே யார் இருப்பினும் பூட்டிச் செல்கிறார். மற்றவர் தவணை எதுவும் கொடாமல் உடனே வருகிறார். ஆயினும் படிப்பவர் ஒருவரைக் கண்டால் பூட்டாது நிற்கிறார். தவணை தந்தவரினும் பின்னவரே நல்லவர் என்பது எம் துணிபு. தாழ்த்த நிறுத்தத்தை இடையிலே தடுக்க 'ஏ' என்னும் குறியோடு மற்றொரு குறுக்குவழி அமைத்துக்கொள்ளலாம் என்பது மெய்யே. அறிவிப்பும் திரையிலே தோன்றும். தேநீர் அருந்தச் சென்றவருக்கு அவற்றால் என்ன பயன்? அவர் மீண்டு வருமுன் கணினி அணைந்திருக்கும். இறுதியாகச் சேமித்தபின் எழுதிய பக்கங்களும் பெரும்பாலும் போயிருக்கும்.

மின்பொத்தானையே சில நொடி அழுத்திப்பிடித்து அணைப்பாரைப் பற்றி மிகுத்துரைக்க வேண்டுவதில்லை. நினைவகத்தில் இருந்து வட்டிலே இன்னும் எழுதப்படாதவையெல்லாம் அவர் விரல்நுனியில் அழிகின்றன.

இன்னும் ஒன்று. விண்டோஸ் 8 முதலாக, விரைவுத்தொடக்கம் இயங்கும் கணினிகளில், பட்டியல்வழி நிறுத்தும்போது இயங்குதளத்தின் உட்கருநிலை வட்டில் காக்கப்பட்டு, மறுமுறை அதுவே மீட்கப்படும். மேற்கூறிய ஆணையோ, வேறு குறி சேர்த்தாலன்றி, முழுநிறுத்தமே செய்யும். மறுநாள் தொடக்கம் சிறிது தாழ்க்கலாம். அதனை இழப்பென்று யாம் கொள்ளோம்.

ஆதலின், பலரும் மாறிமாறி அமரும் கல்லூரிக் கணினிகளில் 'எஸ்' என்பதும் 'டி சுழியம்' என்பதும் மட்டுமே எழுதி அமைத்தல் வேண்டும். நொடி தாழ்க்கும் வழி, நெடிய பதிவிறக்கத்தை ஓடவிட்டு உறங்கச் செல்வார்க்கு ஆகும். அவர்தாம் தம் ஏடுகளைச் சேமித்து மூடிவிட்டே செல்வாராக. சேமியாதது எதுவும் திறந்திராதபோது இக்குறுக்குவழி எவ்வினாவும் எழுப்பாது நிறுத்திவிடும். எனவே நாள்தோறும் தொடும் படவுருக்களின் அருகே அதனை வையாது, திரையின் ஒதுக்கமான ஒரு மூலையில், பெயர் தெளிவாக எழுதி வைத்தல் நன்று.