பெயரை மாற்றினால் ஆள் மாறிவிடுவானா?



நேற்று ராத்திரி பழைய மாணவன் ஒருவன் போனில் அழாத குறை. தங்கச்சிக்கு வேலை விண்ணப்பம், மறுநாள் கடைசி நாள். ஐபோனில் எடுத்த போட்டோ ஏறவில்லை. ஹெச்இஐசி என்று இருந்ததை அழித்து ஜேபிஜி என்று பெயர் மாற்றியிருக்கிறான். "எல்லாம் போட்டோதானே சார்?" என்கிறான்.

இல்லப்பா! பெயர்ப்பலகையை மாற்றினால் மளிகைக்கடை மருந்துக்கடை ஆகிவிடுமா? 2017-ல் வந்த ஐஓஎஸ் 11 முதல் ஐபோன் ஹெச்இஐசி-யில்தான் சேமிக்கிறது. டிஎன்பிஎஸ்சி கேட்பதோ ஜேபிஜி. போட்டோ 20 முதல் 50 கேபி, கையெழுத்து 10 முதல் 20 கேபி. கேமரா செட்டிங்ஸில் ஃபார்மட்ஸ் போய் 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' வைத்தால் அடுத்த படம் ஜேபிஜிதான். பழைய படத்தை முறையாக மாற்றத்தான் வேண்டும்.

என் கோபம் அவன்மேல் இல்லை. "சென்டர்காரர் பாத்துக்குவார்" என்கிற நம் பழக்கத்தின்மேல். கமுதியில் ஆதாரையும் மார்க் ஷீட்டையும் யாரென்றே தெரியாத வலைத்தளத்தில் ஏற்றி மாற்றுகிறோம். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பித் தெளிவைக் கெடுக்கிறோம். டாக்குமெண்டாக அனுப்பினால் கெடாது. ஜேபிஜியைத் திரும்பத் திரும்பச் சுருக்கினால் எழுத்து மங்கும். பிறகு பிஎன்ஜி ஆக்கினாலும் போனது போனதுதான்.

ஒரிஜினலைத் தொடாதீர்கள், நகலைச் சுருக்குங்கள்.

கையெழுத்தைத் திருத்திய நாங்களும் இதைச் சொல்லித்தரவில்லை, ஒப்புக்கொள்கிறேன். வருஷம் முழுக்கப் படித்த பிள்ளை 50 கேபியில் தோற்கக்கூடாது. தெரியாதவர்கள் வீட்டுக்கு வாருங்கள். காசு வேண்டாம், கடைசி நாள் மட்டும் வராதீர்கள்.