பூட்டின்மேல் சாவி

வாகனங்களில் கோடைக்கானல் செல்வோர் இ-பாஸ் பெறவேண்டுமென்று சென்னை ஹைகோர்ட்டு இட்ட உத்தரவு 2024 மே 7 முதல் அமலுக்கு வந்தது. பழனி மலைகளின் நலங்கருதிய அவ்வுத்தரவை நாம் குறைகூறவில்லை. ஆயின் இ-பாஸ் கோருவோர் தம் பெயர், டெலிபோன் எண், வண்டி எண் முதலிய விவரங்களைச் சர்க்காரின் கணினியில் ஒப்படைத்தாக வேண்டும். கட்டாயத்தின்பேரில் வாங்கும் விவரங்களைக் காக்கும் சாவி எங்கே இருக்கிறது என்று கேட்க ஜனங்களுக்கு உரிமையுண்டு.

இக்கேள்வி வீணானதன்று. விவரங்களைச் சேமித்த இடத்தைத் திறக்க மென்பொருளுக்கு ஒரு ரகசியச் சாவி தேவை. அதைத் தனியே பத்திரப்படுத்தி, வேண்டும்போது மட்டும் எடுத்தாள்வதே முறை. அவசரத்தாலோ அசிரத்தையாலோ சிலர் அதனை நிரலின் வரிகளிலேயே எழுதிவிடுகின்றனர். அந்நிரல் கைப்பேசிச் செயலியாயின், அதை இறக்கிக்கொண்ட ஒவ்வொருவர் கையிலும் சாவியின் பிரதி சேர்கிறது. பிரித்துப் பார்க்கத் தெரிந்தவனுக்கு அது ரகசியமேயன்று. பழனி உண்டியலைப் பூட்டி, சாவியை அதன்மேலேயே கட்டித் தொங்கவிடுவார் உண்டோ?

ஜப்பானிய டொயோட்டா கம்பெனிக்கு வேலை செய்த கான்டிராக்டர் ஒருவர் இத்தகைய சாவி அடங்கிய நிரலை 2017 டிசம்பரில் கிட்ஹப் என்னும் பொதுத்தளத்தில் ஏற்றினார். 2022 செப்டம்பர் வரை அது அங்கேயே கிடந்தது. 2,96,019 வாடிக்கையாளரின் மின்னஞ்சல் முகவரிகள் அபாயத்துக்குள்ளாயின. நம் நாட்டின் நிலை என்ன? இந்திய சர்க்கார் தளங்கள் பலவற்றில் நுழைவுச் சொற்கள் 35 இடங்களிலும், சர்வர் சாவிகள் ஐந்து ஜோடியும் வெளிப்பட்டுக் கிடந்தன என்று சகுரா சாமுராய் என்னும் ஆய்வாளர் குழு 2021-இல் அறிவித்தது.

இ-பாஸ் மென்பொருளில் இக்குறை உண்டென்று நாம் சொல்லவில்லை. இல்லையென்பதைச் சர்க்கார் மெய்ப்பிக்க வேண்டுமென்கிறோம். சார்பற்ற நிபுணர் நிரலைச் சோதிக்கட்டும், முடிவு பகிரங்கமாகட்டும். நிரலில் சாவியை எழுதலாகாதென்பது கான்டிராக்டு நிபந்தனையாகட்டும். வெளிப்பட்ட சாவியை நிரலிலிருந்து அழித்தால் மட்டும் போதாது. பழைய பிரதிகளில் அது நிற்குமாதலால், உடனே ரத்துச் செய்து புதிது வழங்கவேண்டும்.

தகுந்த பாதுகாப்புச் செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க 2023-ஆம் ஆண்டின் தனிநபர் விவரப் பாதுகாப்புச் சட்டம் இடந்தருகிறது. தேசப் பாதுகாப்பு, பொது அமைதி முதலிய காரணங்கூறிச் சர்க்கார் ஸ்தாபனங்களுக்கு விலக்களிக்கவும் அதே சட்டம் மத்திய சர்க்காருக்கு அதிகாரமளிக்கிறது. விலக்கு இருப்பினும் பொறுப்பு நீங்காது. ஜனங்கள் ஒப்படைத்த விவரங்களுக்குச் சர்க்கார் தர்மகர்த்தாவேயன்றிச் சொந்தக்காரர் அல்லர்.