கீமோ நாள்களில் ஆஃப் பாயில் வேண்டாமே!

நாமக்கல் பக்கம் உடம்பு தேற வேண்டும் என்றால் முதலில் கைக்கு வருவது முட்டைதான். அதையும் பச்சையாக உடைத்துக் குடித்தால்தான் தெம்பு என்று சொல்லும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கீமோதெரபி எடுப்பவருக்கு அந்தப் பாசமே வினையாகலாம். புற்றுநோய் செல்களோடு ரத்த வெள்ளை அணுக்களையும் மருந்து குறைத்துவிடும். பொதுவாக, மருந்து ஏற்றிய 7 முதல் 14 நாள்களுக்குள் அவை அடிமட்டத்துக்கு இறங்கும். அப்போது பச்சை முட்டையிலும் ஆஃப் பாயிலிலும் இருக்கக்கூடிய சால்மோனெல்லா கிருமியோடு போராட உடம்பில் தெம்பு இருக்காது. முட்டை சாப்பிடட்டும், புரதம் அவசியம். மஞ்சள் கரு கெட்டியாகும் வரை வேகட்டும், அவ்வளவுதான்.

வாய்ப்புண்ணால் விழுங்க முடியாதவருக்குச் சேலத்து ஜவ்வரிசிக் கஞ்சி இதமாக இறங்கும். ஆனால், ஜவ்வரிசி கிட்டத்தட்ட முழுக்க மாவுச்சத்து. அதை மட்டுமே கொடுத்தால் உடம்பு இளைத்துவிடும். பாலோ, மசித்த பருப்போ சேருங்கள். காரமும் புளியும் வேண்டாம். 1 லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் உப்பு, சமையல் சோடா தலா 1 டீஸ்பூன் கலந்து கொப்பளித்தால் எரிச்சல் தணியும்.

காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் நடுராத்திரியானாலும் மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். பாராசிட்டமால் போட்டுவிட்டு விடியட்டும் என்று இருந்துவிடாதீர்கள். மாத்திரை காய்ச்சலைத்தான் இறக்கும், தொற்று உள்ளே பரவிக்கொண்டே இருக்கும். சிகிச்சை ஃபைலை எடுத்துக்கொண்டு போய், ‘கீமோ எடுப்பவர்’ என்பதை அவசரப் பிரிவில் முதலில் சொல்லுங்கள்.