தட்டிப் பார்க்க வேண்டுமா?

ஆஸ்டின் டவுனின் பழைய வீடுகள் பலவற்றில் சமையல் மேடை கறுப்புக் கல்லால் ஆனது. கடப்பா கல் என்று பெரியோர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதன்மேல் எலுமிச்சைச் சாறு சிந்தி, சற்று நேரம் துடைக்காமல் விட்டால் அவ்விடம் வெளிறிப்போகும். எவ்வளவு தேய்த்தாலும் பழைய கருமை திரும்பாது. அது சுண்ணாம்புக்கல் வகையைச் சேர்ந்தது; புளிப்பு அதனை அரித்துவிடுகிறது. இச்சிறு செய்தியை மனத்தில் கொண்டு பேலம் குகைக்குள் இறங்கினால், அங்குக் காண்பவை எல்லாம் எளிதில் விளங்கும்.

பேலம், ஆந்திர மாநிலத்தின் நந்தியால் மாவட்டத்தில் உள்ளது; நம் நகரிலிருந்து 300 கிலோமீட்டருக்கு உட்பட்ட தொலைவு. அவ்வளவு தூரம் போவானேன் எனில், பெங்களூரு நிற்பது லால்பாக் குன்றைப் போன்ற கடும்பாறையின்மேல். அதனை மழைநீர் எளிதில் கரைப்பதில்லை. சுண்ணாம்புக்கல் அப்படியன்று. காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவை ஏற்று மென்புளிப்படைந்த மழைநீர், அதன் வெடிப்புகளில் இறங்கி, கல்லைக் கரைத்துத் தனக்கு வழி செய்துகொள்கிறது. நெடுங்காலம் நீர் ஓடிய அவ்வழியே குகை. பின்னர்க் கூரையில் கசியும் ஒவ்வொரு துளியும், தான் சுமந்து வந்த சுண்ணாம்பில் ஒரு துகளை அங்கே விட்டுச் செல்கிறது. ஆழ்துளைக் கிணற்று நீரைக் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெண்மையாகப் படிவதும் இத்தகையதே. கூரையிலிருந்து தொங்கி வளர்வது கல்விழுது. துளி விழும் தரையிலிருந்து எழுவது கல்முளை. ஆங்கிலப் பெயர்களில் எது மேலே, எது கீழே என்று குழம்பும் பிள்ளைகள் ஆலம்விழுதையும் நெல்முளையையும் நினைத்துக்கொண்டால் போதும்.

குகையின் நீளம் 3,229 மீட்டர். அதில் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் வரை நாம் நடக்கலாம். வெளியே மலை எதுவும் இல்லை. சமவெளியில், கிணறுபோல் வாய் திறந்த பள்ளத்தின் வழியே படியிறங்க வேண்டும். மிக ஆழமான இடத்துக்குப் பாதாள கங்கை என்று பெயர். 1884-இல் இராபர்ட் புரூஸ் ஃபூட் இக்குகையைக் குறித்து எழுதினார். 1982, 1983 ஆம் ஆண்டுகளில் ஜெர்மானியக் குழுவொன்று விரிவாக ஆராய்ந்தது. அதன் பின்னரும் சுற்றுப்புறத்துக் குப்பை இங்குதான் கொட்டப்பட்டது என்பது வியப்பு! ஊரார் முயன்றதால் அரசு முன்வந்து துப்புரவு செய்து, 2002-இல் மக்களுக்குத் திறந்துவிட்டது.

இங்கு ஏழு சுரங்களின் பெயரால் அழைக்கப்படும் ஓர் அறை உண்டு. அங்குள்ள கல்விழுதுகளைத் தட்டினால் உலோகம்போல் ஒலிக்கும். நம் பகுதிப் பிள்ளைகள் சிலரோடு நான் சென்றபோது, ஒரு சிறுவன் விரல் முட்டியை மடக்கிக்கொண்டு, “ஒரே ஒரு தடவை, மாமா” என்றான். நான் வேண்டாம் என்றேன். உடன் வந்த பெற்றோர் ஒருவர், “இவ்வளவு தூரம் அழைத்துவந்து குழந்தையை ஏமாற்றலாமா? ஒரு தட்டில் கல் உடைந்துவிடுமா?” என்று கேட்டார்.

அவர் கேட்டது தவறன்று. ஒரு தட்டில் உடையாதுதான். ஆனால் வருவோர் ஒவ்வொருவரும் அந்த ஒரு தட்டைத்தானே கேட்பார்கள்? மேலும், கை படுவதாலேயே தோலின் எண்ணெய்ப்பசை கல்லில் ஒட்டி, புதிய படிவு சேர்வதைக் கெடுக்கிறது. ஹம்பியில் விட்டலர் கோயிலின் இசைத் தூண்களைத் தட்டுவதற்கே தடை உள்ளது. அவை சிற்பி செதுக்கியவை. உளி பிடிக்கும் கை இன்னும் நாட்டில் இருக்கிறது. கல்விழுதைச் செய்யும் கை எங்கே இருக்கிறது? அது பொதுவாக ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவே வளரும். தஞ்சைப் பெரிய கோயில் எழுந்த 1010-இல் சொட்டத் தொடங்கிய விழுது இன்று பத்து சென்டிமீட்டர் இருக்கும். ஒலியைக் கேட்டே ஆக வேண்டுமானால், ஒருமுறை பதிவு செய்து எல்லாருக்கும் ஒலிபரப்பலாம். தட்டுவதை அறவே நிறுத்த வேண்டும் என்பதே என் கருத்து.

திரும்பும் வழியில் தாடிபத்திரியில் இறங்கினோம். அவ்வூர்ப் பெண்ணையாற்றங்கரையில் புக்க ராமலிங்கேசுவரர் கோயில் உள்ளது. தெலுங்கில் ‘புக்க’ என்றால் ஊற்று. அந்த ஆறு நம் நந்தி மலைப் பகுதியில் பிறந்து வருவது. தமிழ்நாட்டுக்குப் போகும் தென்பெண்ணைக்கும் பிறப்பிடம் அதுவே என்றபோது பிள்ளைகள் நம்பவில்லை. வரைபடத்தைக் காட்ட வேண்டியதாயிற்று.

தட்ட விரும்பிய சிறுவன் மட்டும் நெடுநேரம் பேசாமல் இருந்தான். பேருந்து அனந்தபுரத்தைக் கடந்த பின், “நான் தாத்தா ஆகும்போது அந்த விழுது எவ்வளவு வளர்ந்திருக்கும்?” என்று கேட்டான். அறுபது ஆண்டு என்று வைத்துக் கணக்கிட்டோம். ஆறு மில்லிமீட்டர் வந்தது. ஓர் அரிசி மணியின் நீளம்.