பேத்தியோடு போனால் கீழ்ப்படுக்கை இல்லை

கோடை விடுமுறை வந்தால் கிளிஞ்சல்மேட்டில் பல வீடுகளில் சென்னைப் பேரப்பிள்ளைகள். அழைத்து வருவதும் கொண்டுபோய் விடுவதும் நம் வயதுக்காரர்கள்தான். பெரும்பாலும் கம்பன் எக்ஸ்பிரஸ், ஓர் இரவுப் பயணம்.

ரயிலில் மூத்தோருக்குக் கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு உண்டு. ஆணுக்கு 60 வயது, பெண்ணுக்கு 45. ஆனால் தனியாகவோ, அந்த வயதுக்காரர் இருவராகவோ போனால்தான். அதே டிக்கெட்டில் எட்டு வயதுப் பேத்தியைச் சேர்த்தால் ஒதுக்கீடு கிடையாது! நடுராத்திரி பிள்ளை கழிவறைக்கு எழுந்தால், நடுப்படுக்கையிலிருந்து எழுபது வயது முழங்கால் எப்படி இறங்கும்? காலமெல்லாம் விதிப்புத்தகத்தோடு குடித்தனம் நடத்திய குமாஸ்தா சொல்கிறேன்: இதை எழுதிய அதிகாரிக்கு அப்போது பேரன் பிறந்திருக்கவில்லை. பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளையோடு வரும் மூத்தவருக்கும் இந்த ஒதுக்கீட்டைத் தர வேண்டும்.

அதுவரை, முன்பதிவில் 'ஒரு கீழ்ப்படுக்கையாவது கிடைத்தால் மட்டும்' என்ற கட்டத்தை டிக் செய்யுங்கள். அரை டிக்கெட்டில் மிச்சம் பிடிக்காதீர்கள். 2016 ஏப்ரலிலிருந்து 5 முதல் 12 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு அரை டிக்கெட் என்றால் படுக்கை கிடையாது. முழுக் கட்டணம் கட்டினால்தான் உண்டு. இல்லாவிட்டால் பிள்ளைக்கு நம் படுக்கையைக் கொடுத்துவிட்டு விடிய விடிய உட்கார்ந்திருப்போம். தூங்காத கிழவன் காவலுக்கு உதவமாட்டான்.

கீழ்ப்படுக்கை கிடைத்துவிட்டால் ஜன்னல் பேத்திக்கு. நான் பள்ளியில் படித்த பிரெஞ்சில் ஸ்டேஷன்களை எண்ணுவாள். நாகூர் 'அன்', நாகப்பட்டினம் 'தெ'. திருவாரூருக்கு 'த்ருவா' சொல்ல விழித்திருந்ததே இல்லை.