நூறு மீட்டர் மட்டும் போதுமா?

அந்தமான் பள்ளிகளில் விளையாட்டு விழா என்றால் எல்லோர் கண்ணும் 100 மீட்டர் ஓட்டத்தின் மீதுதான். அதில் பின்தங்கிய பையன் அன்றே ஒதுக்கப்படுகிறான். ‘இவன் படிப்பைப் பார்க்கட்டும்’ என்று வீட்டிலும் முடிவு கட்டிவிடுகிறார்கள். கால் நிமிட ஓட்டத்தை வைத்து ஒரு பிள்ளையின் தலையெழுத்தைத் தீர்மானிப்பது சரியா?

கோழி சமைக்கும் தாய்மார்களுக்கு இதன் விடையில் பாதி தெரியும். தொடைக்கறி சிவந்திருக்கும்; நெஞ்சுக்கறி வெளுத்திருக்கும். நாளெல்லாம் நடந்து மேய்வது கால். எப்போதாவது பதறிப் பறக்க உதவுவது நெஞ்சு. ஓயாமல் நீந்தும் சூரை மீனின் சதை சிவந்திருப்பதும் இப்படித்தான்.

மனிதத் தசையிலும் இவ்விரு வகை இழைகள் கலந்திருக்கின்றன. மெது இழை பிராணவாயுவைக் கொண்டு நெடுநேரம் சளைக்காமல் உழைக்கும். விரைவு இழை சட்டென்று பெரும் விசை தரும்; சீக்கிரம் களைத்துவிடும். பெரும்பாலோர் தொடையில் இவை ஏறத்தாழச் சரிபாதி. சிறந்த குறுந்தூர வீரர்களிடம் விரைவு இழையும், மாரத்தான் வீரர்களிடம் மெது இழையும் மிகுந்திருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன.

இத்தீவுகளுக்குப் புகழ் தேடித் தந்தது விரைவு சைக்கிள் போட்டி. கார் நிக்கோபாரின் டெபோரா ஹெரால்ட் 500 மீட்டரில் உலகத் தரவரிசையில் முன்னணிக்கு வந்தார். ஈசோ ஆல்பன் 2018-ல் சுவிட்சர்லாந்தில் நடந்த உலக ஜூனியர் போட்டியில் வெள்ளி வென்றார். 2019-ல் ஜெர்மனியில் தங்கம் வென்ற இந்திய அணியிலும் இருந்தார். பெருமைதான். ஆனால் ‘தீவு ரத்தம்’ என்று சொல்லிவிட்டால் அவர்களது பயிற்சி மறைந்துபோகும். விரைவு இல்லாத பிள்ளையும் மறக்கப்படுவான்.

புதுக்கோட்டைக்காரர் கோ. லட்சுமணன் 2017-ல் புவனேசுவரத்தில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 5,000, 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றார். இப்படி ஒருவரை 100 மீட்டர் ஓட்டத்தில் கண்டுபிடித்துவிட முடியுமா?

இழைகளின் அளவில் பிறப்புக்குப் பங்கு உண்டு. எனினும் பயிற்சியால் விரைவு இழையையும் ஓரளவு களைப்புத் தாங்கச் செய்யலாம். பிள்ளைகள் எல்லோரும் ஒரே வயதில் வளர்ந்துவிடுவதும் இல்லை.

ஆகவே பள்ளிகள் 100 மீட்டரோடு நெடுந்தூர ஓட்டத்தையும் சைக்கிள் போட்டியையும் நடத்த வேண்டும். இன்று தோற்றவனுக்கு அடுத்த ஆண்டும் வாய்ப்புத் தர வேண்டும். இதற்குப் பெரிய செலவு இல்லை. ஒரு விசில், ஒரு கடிகாரம், ஆசிரியரின் அரை மணி நேரம் போதும். தீவுத் தமிழ்ப் பெற்றோர் இதைக் கேட்டுப் பெற வேண்டும்.