80 டாலர் ஒயின், 15 டாலர் ஒயினைவிட நல்லதா? விலைச் சீட்டு சொல்லாத கதை

தமிழ்நாட்டில் ‘ஒயின்ஷாப்’ இல்லாத ஊர் குறைவு. அங்கே போய் ஒயின் கேட்கிற ஆளும் குறைவு. அதனால் சிங்கப்பூர், துபாய், பிராங்க்ஃபர்ட் என ஆன்சைட் போய்த் திரும்பும் ஐ.டி. ஊழியர், டியூட்டி ஃப்ரீ கடையின் ஒயின் அலமாரி முன்னால் நின்றால் முழிக்கத்தான் செய்வார். லேபிள் முழுக்க பிரெஞ்சும் இத்தாலியனும். பார்த்ததும் புரிகிற ஒரே விஷயம் விலை. மேனேஜருக்கு கிஃப்ட் என்றால் 80 டாலர் பாட்டில், ரூம்மேட்டுகளுக்கு என்றால் 15 டாலர் பாட்டில். காசு அதிகம் என்றால் சரக்கும் நல்லாத்தானே இருக்கும்?

ஓரளவு வரைக்கும் அது சரிதான். ரொம்ப மலிவான பாட்டிலில் கண்ணாடி, மூடி, கப்பல் செலவு, வரி, கடைக்காரர் லாபம் எல்லாம் போக, உள்ளே இருக்கும் ஒயினுக்கு மிஞ்சுவது சில்லறைதான். அந்தச் செலவுகள் பெரிதாக ஏறாது. அதனால் அடிமட்டத்திலிருந்து ஒரு படி மேலே போனாலே, கூடுதலாகக் கொடுக்கும் காசில் பெரும்பங்கு திராட்சைக்கும் தயாரிப்புக்கும் போய்ச் சேருகிறது. புதிய பிரெஞ்சு ஓக் மரப் பீப்பாயை எடுத்துக்கொள்வோம். ஒன்றின் விலை ஏறத்தாழ 1,000 யூரோ. 225 லிட்டர் பிடிக்கும், அதாவது 300 பாட்டில். கணக்குப் போட்டால் பாட்டிலுக்கு 3 யூரோ சொச்சம். இவ்வளவு ஆடம்பரமான பீப்பாயே அவ்வளவுதான் கூட்டுகிறது என்றால், பாட்டில் எப்படி 500 யூரோவுக்குப் போகிறது?

நிலமும் பெயரும்தான் காரணம். பிரான்ஸின் பர்கண்டியில் ரோமனே கோன்டி என்ற தோட்டத்தின் மொத்தப் பரப்பு 1.8 ஹெக்டேர். நம்ம கணக்கில் நாலரை ஏக்கர். உலகப் பணக்காரர்கள் எல்லோரும் அந்த நாலரை ஏக்கருக்குத்தான் போட்டி போடுகிறார்கள். 1945-ம் ஆண்டு பாட்டில் ஒன்று, 2018-ல் நியூயார்க் ஏலத்தில் 5,58,000 டாலருக்குப் போனது.

போர்தோவின் கதை இன்னும் சுவாரஸ்யம். 1855-ல் பாரீஸ் கண்காட்சிக்காக மூன்றாம் நெப்போலியன் கேட்டுக்கொண்டபடி, அங்குள்ள ஒயின்களைத் தரவரிசைப்படுத்தினார்கள். அதைச் செய்தது தரகர்கள். அவர்கள் பார்த்தது சந்தை விலையை. அதிக விலைக்கு விற்றது முதல் தரம்! அந்த முதல் தரப் பட்டியலில் அதற்குப் பிறகு நடந்த ஒரே மாற்றம், 1973-ல் மூத்தோன் ரோத்ஷில்ட் அதில் சேர்க்கப்பட்டதுதான். விலையை வைத்துத் தரம், தரத்தைக் காட்டி விலை. 170 வருஷமாக இந்தச் சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கிறது.

லேபிளை மறைத்தால்?

1976 மே 24-ம் தேதி, ஸ்டீவன் ஸ்பரியர் என்ற பிரிட்டிஷ் ஒயின் வியாபாரி பாரீஸில் ஒரு சோதனை வைத்தார். ஒன்பது பிரெஞ்சு நிபுணர்கள் லேபிளைப் பார்க்காமல் ருசித்து மதிப்பெண் போட்டார்கள். சிவப்பு ஒயினில் முதலிடம் கலிஃபோர்னியாவின் ஸ்டாக்ஸ் லீப் 1973. மேலே சொன்ன மூத்தோன் ரோத்ஷில்ட் இரண்டாவது. வெள்ளை ஒயினிலும் முதலிடம் கலிஃபோர்னியாவுக்கே.

நிபுணர்கள் கதையே இது. சாதாரண ஆட்கள்? அமெரிக்காவில் 6,000-க்கும் மேற்பட்ட லேபிள் மறைத்த ருசிப்புகளை அலசி 2008-ல் ஓர் ஆய்வு வெளியானது. பயிற்சி இல்லாதவர்களுக்கு விலை அதிகமான ஒயின் சராசரியாகக் கொஞ்சம் குறைவாகவே பிடித்திருந்தது. அதே ஆண்டு வந்த இன்னொரு ஆய்வில், ஒரே ஒயினை 10 டாலர் என்றும் 90 டாலர் என்றும் சொல்லிக் கொடுத்தார்கள். 90 டாலர் என்று கேட்டதும் ருசி கூடிவிட்டது. சும்மா சொன்னதில்லை, மூளை ஸ்கேனிலேயே அந்தச் சந்தோஷம் தெரிந்தது.

(“ரெட் ஒயின் இதயத்துக்கு நல்லது” என்று சொல்லி விற்றால் அதையும் நம்ப வேண்டாம். பாதுகாப்பான அளவு என்று மதுவில் எதுவுமே இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது.)

பக்கத்து வீட்டில் தேடு

காசுக்கேற்ற ஒயின் பெரும்பாலும் பிரபலத்தின் பக்கத்து வீட்டில்தான் இருக்கும். ஷாம்பெய்ன் என்ற பெயர் ஷாம்பெய்ன் வட்டாரத்துக்கு மட்டுமே சொந்தம். ஆனால் பாட்டிலுக்குள்ளேயே இரண்டாவது முறை நொதிக்கவிடும் அந்தச் செய்முறை யாருக்கும் சொந்தமில்லை. பிரான்ஸின் மற்ற பகுதிகளில் அதே முறையில் செய்வதற்குப் பெயர் கிரேமான், ஸ்பெயினில் காவா. ஷாம்பெய்ன் அளவுக்கு நீண்ட காலம் பாட்டிலில் ஊறுவதில்லை என்பது நிஜம். ஆனாலும் விலை பாதிக்கும் கீழே. இத்தாலியின் ப்ரோசெக்கோ வேறு ரகம், அது தொட்டியில் நொதிப்பது.

சிலியின் கார்மனேர் இன்னொரு உதாரணம். போர்தோவில் பூச்சித் தாக்குதலில் கிட்டத்தட்ட அழிந்துபோன திராட்சை அது. சிலியில் ‘மெர்லோ’ என்ற பெயரில் வளர்ந்துகொண்டிருந்ததை 1994-ல்தான் கண்டுபிடித்தார்கள். தாத்தா ஊர் போர்தோ, விலை சிலி விலை.

பிரீமியம் என்றாலே ஏமாற்று என்று அர்த்தமில்லை. காலத்துக்குக் காசு கொடுப்பதில் நியாயம் இருக்கிறது. ஸ்பெயினின் ரியோகா சிவப்பு ஒயினில் ‘கிரான் ரிசர்வா’ என்று இருந்தால், குறைந்தது 5 வருஷம் முதிர்ந்திருக்க வேண்டும். அதில் 2 வருஷமாவது பீப்பாயில். இத்தாலியின் பரோலோவுக்குக் குறைந்தது 38 மாதம். இதெல்லாம் சட்டம். அமெரிக்க பாட்டிலில் ‘ரிசர்வ்’ என்று தங்க எழுத்தில் போட்டிருக்கும். அந்த நாட்டின் மத்திய சட்டத்தில் அந்தச் சொல்லுக்கு வரையறையே கிடையாது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கப்பட்டிருக்கும், கவனம்.

நம்ம ஊர் கடையில்...

இந்தியாவில் விலையை நம்புவது இன்னும் ஆபத்து. இறக்குமதி ஒயினுக்குப் பல ஆண்டுகளாக 150% சுங்க வரி. 500 ரூபாய்க்கு வந்து இறங்கும் பாட்டில், மாநில வரிக்கு முன்பே 1,250 ரூபாய். சொந்த ஊரில் சூப்பர்மார்க்கெட் ஒயினாக இருந்தது, இங்கே ‘இம்போர்ட்டட் பிரீமியம்’ ஆகிவிடுகிறது. ஆஸ்திரேலிய ஒப்பந்தம் 2022 டிசம்பரில் அமலுக்கு வந்ததும், பாட்டிலுக்கு 5 டாலருக்கு மேல் இறக்குமதி விலை உள்ள அந்நாட்டு ஒயின்களுக்கு வரி குறைந்தது. அதனால் ஒரே அலமாரியில் ஒரே விலையில் இருக்கும் இரண்டு பாட்டில்களில், ஒன்றில் வரி அதிகமாகவும் ஒயின் குறைவாகவும் இருக்கலாம்.

ஆகவே டியூட்டி ஃப்ரீ வாய்ப்பு கிடைப்பவர்களுக்கு அது லாபம்தான். ஊர் திரும்பும்போது ஒருவர் 2 லிட்டர் வரை வரியில்லாமல் கொண்டுவரலாம். 750 மில்லி பாட்டில் என்றால் இரண்டு. அந்த 80 டாலரில் ஒரு கிரான் ரிசர்வாவும் ஒரு கிரேமானும் தாராளமாக அடங்கும். “பிறகு ஒரு விசேஷத்துக்கு” என்று பீரோ மேல் மட்டும் வைத்துவிடக் கூடாது. ஒயினுக்குத் தேவை 12, 13 டிகிரி. சென்னை மே மாத வெயிலில், முதல் தரமோ மூன்றாம் தரமோ, எல்லாம் ஒரே மாதிரிதான் கெட்டுப்போகும்.